பயிற்சி ஸ்லைடுகளை எங்கே வைப்பது? கியூஆர் செத்துப்போன கதையோடு ஒரு கேள்வி

சாக்பீஸ் · ஞாயிறு, இரவு 9.12

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். விருதுநகர் பக்கம் ஓர் ஒன்றியத்தில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. காலையில் தமிழ்99 தட்டச்சும் லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விக்கிப்பீடியா. நாலு பக்கக் கையேடு, ஜெராக்ஸ் கடையில் 120 பிரதி. கடைசிப் பக்கத்தில் ஒரு கியூஆர், கீழே "முழு ஸ்லைடுகளும் இங்கே" என்று ஒரு வரி. "எல்லாரும் ஸ்கேன் பண்ணிக்கோங்க" என்றேன். நாற்பது போன் ஒரே நேரத்தில் மேலே எழுந்தது. நாற்பதிலும் ஒரே பதில்: உங்களுக்கு அனுமதி இல்லை, அனுமதி கோரவும். முன்வரிசையில் இருந்த ஒருவர் நல்ல பிள்ளையாக அனுமதி கோரும் பொத்தானை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கோரிக்கை யாருக்குப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

இரவு வீட்டுக்கு வந்து தோண்டினேன். 2017ல் எங்களோடு இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் எல்லாவற்றையும் தன் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டிருக்கிறார். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கு அது. படிப்பு முடிந்து போய்விட்டார், கணக்கும் போய்விட்டது. நாங்கள் ஒன்பது வருடமாக அதே கியூஆரை வெட்டி ஒட்டி அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களிடம் சுமார் 70 ஸ்லைடு கோப்புகள் இருக்க வேண்டும். கையில் இருப்பது 50 தேறும். மீதி பலருடைய மடிக்கணினிகளில். இனிமேல் எங்கே வைப்பது? கையேட்டில் அச்சடித்த சுட்டி பல வருடம் வேலை செய்யவேண்டும். வேறு ஊரில் பயிற்சி நடத்துகிறவர்கள் எடுத்துத் திருத்திக்கொள்ளவும் வசதி வேண்டும். வருடாவருடம் பணம் கட்ட எங்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை.


ரயில்வேகேட் · ஞாயிறு, இரவு 9.31

குழு பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்குங்கள், அதன் டிரைவில் போடுங்கள், "சுட்டி வைத்திருக்கும் எவரும்" என்று மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை டீச்சர்.


இரவுப்பணி · ஞாயிறு, இரவு 11.47

ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு போன் நம்பர் கேட்கும் பாருங்கள், அங்கேதான் கதை ஆரம்பம். யாருடைய நம்பரைக் கொடுப்பீர்கள்? அவர் சிம்மை மாற்றினால்? புது மடிக்கணினியில் யாராவது நுழையும்போது ஓடிபி அவருக்குப் போகும், அவர் அன்று கல்யாண வீட்டில் இருப்பார்.

இலவசக் கணக்கில் 15 ஜிபி. அதில்தான் மின்னஞ்சல், டிரைவ், புகைப்படம் எல்லாமே. இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்கை அழிக்கும் விதியை கூகுள் 2023ல் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குழுக் கணக்கு என்பது பெரும்பாலும் யாருமே நுழையாத கணக்குதான். ஆளாளுக்கு "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருப்போம்.

கல்லூரிக் கணக்கு விஷயமும் டீச்சரின் மாணவருக்கு மட்டும் நடந்ததில்லை. முன்பு கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற இடம் இருந்தது. 2021ல் அதை நிறுத்துவதாகச் சொல்லி, 2022 முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் இருக்கிற இடத்தில் அது எத்தனை நாளைக்கு வரும்? படித்து முடித்தவர்களின் கணக்குதானே முதலில் கண்ணில் படும்.

இன்னொன்று. 2021 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு மாற்றம் என்று சொல்லி டிரைவின் சில பழைய பகிர்வுச் சுட்டிகளின் வாலில் கூடுதலாக ஒரு சாவியைச் சேர்த்தார்கள். முன்பே திறந்து பார்த்தவர்களுக்குப் பழைய சுட்டி வேலை செய்யும், புதிதாக வருகிறவர் அனுமதி கேட்கவேண்டும். திரையில் இருக்கும் சுட்டியை மாற்றிவிடலாம். அச்சடித்த கியூஆரை எப்படி மாற்றுவது?

டிரைவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து திருத்த அதைவிட வசதியானது இல்லை. ஆனால் காட்டுகிற இடம் வேறு, காக்கிற இடம் வேறு. களத்துமேட்டில் நெல் கிடக்கும், அள்ளலாம் கொட்டலாம். விதைநெல்லை அங்கேயா வைப்போம்? அதற்குக் குதிர் வேண்டும். டீச்சர் கேட்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு.


காகிதக்கப்பல் · திங்கள், காலை 7.05

ஸ்லைடுக்கென்றே ஸ்லைட்ஷேர் இருக்கிறதே? நான் அதில்தான் நிறையப் படித்திருக்கிறேன்.


இரவுப்பணி · திங்கள், காலை 7.40

நானும்தான். 2006ல் தொடங்கினார்கள், 2012ல் லிங்க்ட்இன் வாங்கியது, 2020ல் ஸ்கிரிப்ட் (Scribd) என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒவ்வொரு கை மாறும்போதும் வாசகருக்கும் கோப்புக்கும் நடுவில் ஒரு திரை கூடியது. இப்போது இறக்கிக்கொள்ளப் போனால் கணக்கு தொடங்கு, சந்தா கட்டு என்று கேட்கும். தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டு அவசரமாக ஸ்லைடு தேடுகிறவருக்கு அது ஆகாது.

ஸ்பீக்கர்டெக் என்று இன்னொரு ஸ்லைடு தளம், சுத்தமாக இருக்கும், ஆனால் பிடிஎஃப் மட்டும்தான் ஏற்கும். பார்க்க நன்றாக இருக்கும், எடுத்துத் திருத்த ஒன்றும் கிடைக்காது.


அட்டவணை · திங்கள், காலை 10.22

ஓய்வுபெற்ற நூலகன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லை உங்களுக்கு மட்டும் இல்லை. 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போயிருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024ல் வெளியிட்டது. தமிழ் இணையத்தின் ஆரம்ப காலத்தில் விவாதமெல்லாம் யாஹூ குழுமங்களில்தான் நடந்தது. எழுத்துரு எப்படி இருக்க வேண்டும், விசைப்பலகை எப்படி இருக்க வேண்டும் என்று ராத்திரி பகலாக அடித்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் அங்கிருந்த பழைய உள்ளடக்கத்தை அழிக்கத் தொடங்கினார்கள், 2020 டிசம்பரில் சேவையையே மூடினார்கள். யார் யார் எடுத்து வைத்தார்களோ அவர்களிடம் இருப்பதுதான் மிச்சம்.

நான் சொல்ல வந்தது ஜெனோடோ. ஜெனிவா பக்கம் இருக்கிற செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் இலவசக் களஞ்சியம், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு. கட்டுரை, தரவு, நிரல் மட்டும் அல்ல, பயிற்சிப் பொருளுக்கும் ஸ்லைடுக்கும் தனி வகையே அங்கே உண்டு. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம். உங்கள் 70 கோப்பும் அதன் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

முக்கியம் அதுவல்ல. ஏற்றி வெளியிட்டவுடன் டிஓஐ என்று ஓர் எண் தரும். ஆய்விதழ்களில் கட்டுரையின் அடியில் பார்த்திருப்பீர்கள். கோப்பு இருக்கிற சர்வர் நாளைக்கு மாறினாலும் அந்த எண்ணைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவார்கள், எண் மாறாது. அடுத்த வருடம் ஸ்லைடைத் திருத்தினால் புதிய பதிப்பாக ஏற்றுங்கள், அதற்குத் தனி எண் வரும். பழைய பதிப்பு பழைய எண்ணோடு அப்படியே இருக்கும். இதற்கெல்லாம் மேலே எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஓர் எண் உண்டு. அதைத் தட்டினால் எப்போதும் ஆகக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோகும். டீச்சர், உங்கள் கையேட்டில் அச்சடிக்க வேண்டியது அந்தப் பொது எண்ணைத்தான்.


சாக்பீஸ் · திங்கள், மாலை 6.15

ஐயா, செர்ன் என்றால் அணுவை உடைக்கிற இடம்தானே? "இ-கலப்பை நிறுவுவது எப்படி" என்று தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு நாங்கள் செய்த ஸ்லைடை அவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வார்களா? சிரிக்காதீர்கள், நிஜமாகக் கேட்கிறேன்.


அட்டவணை · திங்கள், மாலை 6.50

வைத்துக்கொள்வார்கள். எல்லாத் துறைக்கும், எல்லா மொழிக்கும் திறந்த இடம் அது. தலைப்பையும் விவரத்தையும் தமிழிலேயே எழுதலாம், மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகர் ஜெனோடோடஸ் பெயரைத்தான் அந்தக் களஞ்சியத்துக்கு வைத்திருக்கிறார்கள். நூலகன் பெயரில் ஒரு களஞ்சியத்தை அணு ஆய்வகம் நடத்துகிறது என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

எவ்வளவு நாள் இருக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆய்வகம் உள்ளவரை என்கிறார்கள். ஆய்வகத்துக்கு இன்னும் குறைந்தது 20 வருடத்துக்கான ஆய்வுத் திட்டம் இருக்கிறதாம். நம் ஊர் இலவச ஹோஸ்டிங் எதற்கும் அந்த ஜாதகம் கிடையாது.


பனையோலை · திங்கள், இரவு 8.33

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். ஐயா சொன்ன இடம் நல்லதுதான். ஆனால் ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று மட்டும் எங்கட ஊர் ஆக்களிட்டச் சொல்லாதேங்கோ. 1981ல் எங்கட பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போனது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அதுக்குள்ள இருந்தது. 2005ல் "நூலகம்" எண்ட எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கினதுக்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கு.

ஆகவே இன்டர்நெட் ஆர்கைவ் (archive.org) தளத்திலயும் ஒரு பிரதி போடுங்கோ அக்கா. 1996ல் இருந்து நடக்கிற லாப நோக்கமில்லாத நிறுவனம். பிபிடி (பவர்பாயிண்ட் கோப்பு), ஓடிபி (ODP, லிப்ரெஆபிஸ் ஸ்லைடுக் கோப்பு), பிடிஎஃப், ஒலி, காணொளி எதையும் ஏற்கும். பார்க்கிறதுக்கும் இறக்கிறதுக்கும் கணக்குத் தேவையில்லை. அதுவும் அசைக்க முடியாத கோட்டை இல்லைத்தான். 2024 ஒக்டோபரில் தாக்குதல் நடந்து மூன்று கோடிக்கு மேலான பயனர் கணக்குகளின்ர விவரம் கசிந்தது, தளமும் நாட்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, வைத்திருந்த பொருளுக்குச் சேதமில்லை. அந்தக் கிழமையில் ஒரு பயிற்சி இருந்திருந்தால்? அதுக்குத்தான் இரண்டு இடம்.


கிளைநதி · திங்கள், இரவு 10.02

நிரல் எழுதுகிறவர்கள் கோப்புகளைப் பதிப்புகளோடு வைக்கும் கிட்ஹப் தளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, ஆச்சரியம். ஸ்லைடை மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவில் எழுதி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் வையுங்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பது அப்படியே தெரியும். சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி ஆட்கள் உலகம் முழுக்கப் பயிற்சி நடத்துகிறார்கள், பாடமெல்லாம் கிட்ஹப்பில்தான். அதையே பதிப்புப் பதிப்பாக ஜெனோடோவிலும் போட்டுவைக்கிறார்கள். இரண்டையும் இணைத்துவிட்டால் கிட்ஹப்பில் வெளியீடு போட்டதும் ஜெனோடோ தானே எடுத்துக்கொள்ளும். பிபிடி கோப்பைக் கிட்டில் போட்டால் மட்டும் பிரயோஜனம் இல்லை, அதற்கு அது வெறும் மூட்டை. உள்ளே என்ன மாறியது என்று காட்டாது. ஒரு கோப்பு 100 எம்பிக்கு மேல் போனால் ஏற்றவும் விடாது.


சாக்பீஸ் · திங்கள், இரவு 10.20

தம்பி, எங்கள் குழுவில் ஏழு பேர். அதில் கிட் தெரிந்தவர் யாருமில்லை. ஸ்லைடில் படத்தை இழுத்து ஓரத்தில் வைக்கவே ஒருவருக்கு நான் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன், அவர் எனக்குக் கணக்கு எடுத்த வாத்தியார்.


கிளைநதி · திங்கள், இரவு 10.26

சரி, விட்டுவிட்டேன் அக்கா.


இரவுப்பணி · செவ்வாய், காலை 6.58

கிளைநதி, உன் யோசனை தப்பில்லை, இந்தக் குழுவுக்கு இல்லை, அவ்வளவுதான். கருவி தெரிந்த ஒரே ஆள் ஊர் மாறினால் மறுபடி அந்தக் கல்லூரி மெயில் கதைதான்.


ரயில்வேகேட் · செவ்வாய், காலை 9.10

சொந்த டொமைன் ஒன்று வாங்கிவிட்டால் என்ன? வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கியூஆரில் நம் முகவரி இருக்கும், பின்னால் எங்கே வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.


காகிதக்கப்பல் · செவ்வாய், காலை 9.55

இதற்கு என் அனுபவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் இயற்கை வேளாண்மைப் பயிற்சி நடத்தினோம். இப்படியே டொமைன் வாங்கினோம், கையேட்டில் கியூஆர் போட்டோம், 500 பிரதி. மூன்றாவது வருடம் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குப் போயிருக்கிறது. டொமைன் காலாவதி ஆனது. எவனோ எடுத்துக்கொண்டான். ஒருநாள் ஒரு பெரியவர் போன் பண்ணி, "தம்பி, பஞ்சகவ்யா தயாரிப்பு பார்க்கலாம்னு ஸ்கேன் பண்ணேன், ரம்மி விளையாடச் சொல்லுது" என்றார். எத்தனை வீட்டில் அந்தக் கையேடு இன்னும் இருக்கிறதோ. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

தவறு எங்களுடையதுதான். அதனால்தான் சொல்கிறேன்: வருடாவருடம் ஒருவர் மறக்காமல் இருந்தால்தான் உயிரோடு இருக்கும் என்ற எதையும் காகிதத்தில் அச்சடிக்காதீர்கள்.


இரவுப்பணி · செவ்வாய், காலை 10.30

சுருக்குச் சுட்டிகளும் இந்தக் கணக்கில்தான். கூகுளே நடத்திய சுருக்கி 2019ல் புதுச் சுட்டி தருவதை நிறுத்தியது. பழையதும் 2025 ஆகஸ்டோடு நிற்கும் என்று அறிவித்தது. பலரும் கத்திய பிறகு, புழக்கத்தில் உள்ளவை மட்டும் பிழைத்தன. கூகுளுக்கே மனசு மாறும்போது நாம் எம்மாத்திரம். ஐயா சொன்ன பொது டிஓஐயைக் கியூஆராக்குவதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. புதுப்பிக்கிற வேலை நம் தலையில் இல்லை.


தொகுப்பான் · செவ்வாய், பிற்பகல் 2.14

விக்கிப்பீடியாவின் படங்களும் கோப்புகளும் இருக்கிற விக்கிமீடியா பொதுவகத்தை விட்டுவிட்டீர்களே. விக்கிப்பீடியா பயிற்சி ஸ்லைடுகளுக்கு இயல்பான இடம் அதுதான். உலகெங்கும் நடந்த விக்கிப் பட்டறைகளின் ஸ்லைடுகள் அங்கே குவிந்திருக்கின்றன. பிடிஎஃப் ஏற்கும், பிபிடியும் ஓடிபியும் ஏற்காது. உரிமம் கட்டாயம் தாராளமானதாக இருக்கவேண்டும். "வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது" என்ற நிபந்தனை ஒட்டியிருந்தாலே எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு சங்கடமான கேள்வி. டீச்சர், உங்கள் ஸ்லைடுகளில் வடிவேலு எத்தனை இடத்தில் இருக்கிறார்?


சாக்பீஸ் · செவ்வாய், மாலை 5.48

எண்ணிப் பார்த்தேன். 50 கோப்பில் 31 இடம். "கடவுச்சொல் பாதுகாப்பு" ஸ்லைடில் மட்டும் ஆறு. அவர் இல்லாமல் மதியம் மூன்று மணிக்கு ஆசிரியர்களை விழித்திருக்க வைக்க முடியாது.


தொகுப்பான் · செவ்வாய், மாலை 6.05

அறையில் போட்டுக் காட்டுவது ஒன்று, "இதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்" என்று உரிமம் கொடுத்து உலகத்துக்கு வெளியிடுவது வேறு. அந்தப் படம் நம்முடையது இல்லை, நம்மால் உரிமம் கொடுக்க முடியாது. பொதுவகத்தில் கண்டிப்பாக நீக்கக் கோரிக்கை வரும். மற்ற இடங்களில் யாரும் உடனே கேட்கமாட்டார்கள், அதற்காகச் சரியாகிவிடாது. இணையத்தில் தேடி எடுத்த படங்களும் அப்படித்தான். காப்பகப் பிரதியில் அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு, "இங்கே உங்களுக்குப் பிடித்த சிரிப்புப் படம்" என்று எழுதிவிடுங்கள். பயிற்சி நடத்துகிறவர் தன் பங்குக்குச் செருகிக்கொள்வார்.


பனையோலை · செவ்வாய், இரவு 7.20

வெற்றுக் கட்டத்துக்கே ஆக்கள் சிரிப்பினம் எண்டு நினைக்கிறன்.


அட்டவணை · புதன், காலை 11.03

டீச்சர் எனக்கு மூன்று மாதிரிக் கோப்புகள் அனுப்பியிருந்தார். பார்த்ததில் இரண்டு விஷயம்.

2015ஆம் ஆண்டுக் கோப்பைத் திறந்தேன். முதல் ஸ்லைடின் தலைப்பில் ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும், அது "தமிழ்" என்ற சொல். என் கணினியில் பாமினி இல்லை, அதனால் தமிழ் இப்படி நிற்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறச்சொல்லி 2010லேயே தமிழக அரசு ஆணை போட்டது. இருந்தாலும் டிடிபி கடைகளிலும் பள்ளிக் கணினிகளிலும் பாமினியும் வானவில்லும் அதற்குப் பிறகும் வெகுகாலம் குடியிருந்தன. இந்தக் கோப்பை இப்படியே களஞ்சியத்தில் வைத்தால் ஐம்பது வருடம் பத்திரமாக இருக்கும், ஒருவராலும் படிக்கமுடியாது. முதலில் எழுத்துரு மாற்றி ஒன்றை வைத்து ஒருங்குறிக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஸ்லைடாகக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறும், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழாக மாறிக் கூத்தடிக்கும்.

அப்புறம் பிடிஎஃப். லிப்ரெஆபிஸில் ஏற்றுமதி செய்யும்போது பிடிஎஃப்/ஏ என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். ஆவணக் காப்புக்கென்றே 2005ல் தரப்படுத்தப்பட்ட வடிவம், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். எந்தக் கணினியிலும் எழுத்து சிதறாது. கூடவே திருத்தக்கூடிய ஓடிபி கோப்பையும் அதே பதிவில் போடுங்கள். பிடிஎஃப் வாசிக்கிறவருக்கு, ஓடிபி அடுத்த பயிற்றுநருக்கு.

இரண்டாவது விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மூன்றாவது கோப்பின் கடைசி ஸ்லைடில் கலந்துகொண்டவர்களின் குழுப்படம், அதற்குக் கீழே 38 பேரின் பெயரும் கைபேசி எண்ணும்.


சாக்பீஸ் · புதன், பிற்பகல் 1.30

ஐயோ. வாட்ஸ்அப் குழு தொடங்குவதற்காக அன்று திரையில் போட்டது அது. அப்படியே கிடந்திருக்கிறது. எல்லாக் கோப்பையும் திரும்பப் பார்க்கிறேன்.


இரவுப்பணி · புதன், பிற்பகல் 1.52

பாருங்கள் டீச்சர். பேச்சாளர் குறிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள், ஸ்லைடுக்கு அடியில் ஒளிந்திருக்கும். களஞ்சியத்தில் போட்டதை இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. எடுத்துவிட்டாலும் அந்த எண்ணின் பக்கத்தில் "இங்கே ஒன்று இருந்தது" என்ற கல்லறைக் கல் நிற்கும். அதற்குள் யார் யார் இறக்கிவைத்தார்களோ. உங்கள் பழைய டிரைவ் செத்ததில் ஒரே லாபம், அந்த 38 நம்பரும் அதோடு மறைந்திருக்கும்.


சாக்பீஸ் · சனி, இரவு 8.40

மூன்று நாள் சத்தமில்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கோப்பை எடுத்து நீங்கள் சொன்ன மாதிரியே செய்துபார்த்தேன். "தமிழ்99: முதல் ஒரு மணி நேரம்", 42 ஸ்லைடு. பாமினியிலிருந்து மாற்றிச் சரிபார்க்க மட்டும் இரண்டு மாலை ஆனது. "லிப்ரெ" என்று ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் மந்திரம் மாதிரி ஏதோ ஆகியிருந்தது. வடிவேலுக்குப் பதில் நாலு வெற்றுக் கட்டம்.

ஜெனோடோவில் குழு பெயரில் ஒரு சமூகம் தொடங்கினேன். நானும் இன்னும் இருவரும் உரிமையாளர்கள், மூவரும் மூன்று ஊர். உரிமம், பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ். இந்த உரிமத்துக்கு ஏழு பேரிடமும் ஒப்புதல் வாங்கினேன். ஒருவர் மட்டும், "நான் செய்ததை வேறொருவர் காசுக்குப் பயிற்சி நடத்தி எடுத்துக்காட்டினால்?" என்றார். நியாயமான கேள்விதான். அரை மணி நேரம் பேசினோம். கடைசியில், "என் பேர் இருக்கும்ல, அப்பச் சரி" என்றார்.

பொது எண்ணைக் கியூஆராக்கி அச்செடுத்து, வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் கணினியோடு அவ்வளவாகப் புழங்காத ஒரு டீச்சரிடம் நீட்டினேன். ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஸ்கேன் செய்தார். பக்கம் ஆங்கிலத்தில் வந்ததும் நெற்றி சுருங்கியது. விரலால் கீழே தள்ளினார், ஸ்லைடு அங்கேயே முன்னோட்டமாகத் தெரிந்தது. "இதானே?" என்றார். இறக்கிக்கொள்ள அழுத்தினார். சுற்றிக்கொண்டே இருந்தது. 38 எம்பி! எங்கள் ஆசிரியர் அறையில் ஜன்னல் ஓரம் நின்றால்தான் சிக்னல். வீட்டுக்கு வந்து படங்களைச் சுருக்கினேன், 4 எம்பி ஆனது, இரண்டாம் பதிப்பாக ஏற்றினேன். இன்று அதே கியூஆரை அவரே ஸ்கேன் செய்தார், சிறிய கோப்பு வந்தது. கையேட்டை மறுபடி அச்சடிக்காமல் கோப்பு மட்டும் மாறியதை முதல்முறையாகப் பார்த்தேன்.

இப்போதைய முடிவு: ஏழு பேரும் சேர்ந்து திருத்துவது டிரைவில்தான், அதை மாற்றப்போவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும், முடிந்த கோப்புகளை ஜெனோடோவில் பதிப்பாக ஏற்றுவோம். அதே நாள் ஆர்கைவ் தளத்திலும் ஒரு பிரதி. விக்கிப்பீடியா சம்பந்தப்பட்ட பிடிஎஃப் மட்டும் பொதுவகத்துக்கு. ஒரு ஹார்டுடிஸ்க் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும். குழுக் கணக்கின் பத்து அவசரச் சாவி எண்களையும் தாளில் அச்சடித்து அங்கேயே வைத்துவிட்டேன், பட்டுப்புடவைக்கு அடியில்.

இன்னும் 20 கோப்பு கிடைக்கவில்லை. 2016, 2017 முழுக்கக் காணோம்.


கிளைநதி · சனி, இரவு 9.05

அக்கா, ஒருங்குறி மாற்றத்தை நான் செய்துதருகிறேன். மொத்தமாக ஓட்ட ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டேன். கிட்டில் வைத்திருக்கிறேன், மன்னிக்கவும்.


பழையமாணவன் · ஞாயிறு, காலை 11.16

டீச்சர், வணக்கம். இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். அந்தக் கல்லூரி மெயில்காரன் நான்தான். படிக்க ஆரம்பித்து மூன்றாவது வரியிலேயே வியர்த்துவிட்டது. கணக்கை மூடப்போகிறார்கள் என்று அப்போது அறிவிப்பு வந்தது, உங்களிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. வேலை தேடுகிற மும்முரம்.

ஆனால் கிளம்புவதற்கு முன் டிரைவை மொத்தமாக ஒரு பென்டிரைவில் இறக்கியது நினைவிருக்கிறது. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன், பென்டிரைவ் அருப்புக்கோட்டையில் வீட்டில். சற்றுமுன் அம்மாவுக்குப் போன் செய்தேன். சிவப்பு கலர், மூடி இல்லாதது என்றேன். "அதுவா, அதுலதான் அப்பா பக்திப் பாட்டு ஏத்தி டிவியில சொருகி வச்சிருக்காரு" என்றார். உள்ளே வேறு ஃபோல்டர் ஏதாவது தெரிகிறதா என்று டிவியிலேயே பார்க்கச் சொன்னேன். "பயிற்சி 2016னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்குனா ஒண்ணும் பாட மாட்டேங்குது, அழிச்சிரவா?" என்று கேட்டார்.


சாக்பீஸ் · ஞாயிறு, காலை 11.18

தம்பி, டிவியிலிருந்து அதைப் பிடுங்கச் சொல்லுங்கள். இப்போதே. நான் மதியம் பஸ் ஏறுகிறேன்.